போச்சம்பள்ளிக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனது

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பார்ப்பது என்றால் நாலு பேர் சேர்ந்து போய், பஜ்ஜி சாப்பிட்டு, பையனுடைய அம்மாவுக்குச் சொந்த ஊர் எது என்று விசாரித்து, அந்த ஊரில் நமக்குத் தெரிந்த ஒருவர் இருந்தால் அவரைப் பற்றிக் கால் மணி நேரம் பேசிவிட்டு வருவது. அதில் பையனைப் பற்றி ஒன்றும் தெரிய வராது. நான் என் மகளுக்குச் சைக்கிளில் மாப்பிள்ளை பார்த்தேன். நாகோலில் எங்கள் வீட்டிலிருந்து மூசி ஆற்றங்கரையோடு போச்சம்பள்ளி வரை போய்த் திரும்பினால் எழுபது கிலோமீட்டருக்கு மேல் வரும். ஒரு ஆளை ஒரு பகல் முழுக்கச் சைக்கிளில் அலைய விட்டால் அவன் சரக்கு வெளியே வந்துவிடும் என்பது என் எண்ணம்.

நான் காஞ்சன்பாக்கில் ஒரு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் இன்ஸ்பெக்டராக இருந்தவன். போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை. செய்து முடித்து வருகிற பாகங்களை அளந்து பார்த்து, சரி என்றோ தள்ளு என்றோ சொல்கிற ஆள். முதல் பார்வையிலேயே எதையும் நல்லது என்று நினைக்கக் கூடாது என்பதுதான் அந்த வேலைக்கே முதல் பாடம். வேலை நடக்கிற ஷாப்பில் எனக்கு 'நக்கோ சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நக்கோ என்றால் இந்த ஊர் உருதுவில் வேண்டாம் என்று பொருள். என் காது படவே சொல்வார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

மகள் ஒரே பெண். அவள் அம்மா போய் நாலு வருடம் ஆகிறது. கூட வேலை பார்க்கிற ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று நினைப்பதாக ஒரு நாள் தோசை ஊற்றிக்கொண்டே சொன்னாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ஏழு வருடம் முன்னால் இந்த ஊருக்கு வந்து அமீர்பேட்டில் ஹாஸ்டலில் இருந்துகொண்டு ஏதோ கோர்ஸ் படித்து, அப்படியே சாஃப்ட்வேரில் ஒட்டிக்கொண்டவனாம். முப்பது வயது. நான் வாயைத் திறப்பதற்குள், "ஒக்க ரோஜு சூடு அப்பா. ஒன் ஃபுல் டே. தென் யெஸ் ஆர் நோ சொல்லு. நீ நோ சொன்னா நோ" என்றாள். இந்த ஊரில் படித்த பிள்ளை. நாம் தமிழில் கேட்டால் புரியும், பதில் மட்டும் தெலுங்கும் இங்கிலீஷுமாக வரும். ஒரு நாள் பார், முழு நாள் பார், நீ வேண்டாம் என்றால் வேண்டாம். என் ஒரு வார்த்தையில் அவள் கல்யாணம் நிற்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது, கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணிக்கு நாகோல் பாலத்தருகே டீக்கடையில் சந்திப்பதாகப் பேச்சு. நான் ஐந்தே முக்காலுக்கே போனேன். அவன் எனக்கு முன்னாலேயே வந்து, டீ கூடக் குடிக்காமல் நின்றுகொண்டிருந்தான். வேலையில் இருக்கும்போது நான் பார்த்திருக்கிறேன். சரக்கைச் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே கொண்டு வந்து இறக்குகிறவன் எதையோ நாம் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறவன். சைக்கிளைப் பார்த்தேன். வாடகை சைக்கிள். ஆள் ஆறடி, சீட் ஐந்தடிக்காரனுக்கு வைத்த உயரத்தில் இருந்தது. வாரா வாரம் சைக்கிள் ஓட்டுவேன் என்று மகளிடம் சொல்லியிருந்தானாம். முழங்கால் தாடையில் இடிக்கிற மாதிரி ஓட்டுகிறவன் வாரா வாரம் எங்கே ஓட்டினான்? மனதில் முதல் குறியைப் போட்டுக்கொண்டேன்.

பாலத்தைத் தாண்டிக் கிழக்கே திரும்பினால் கரையோடு ஒரு மண் பாதை போகிறது. இடது கையில் ஆறு. ஆறு என்று சொல்கிறேனே தவிர, நகரம் முழுக்கக் கழுவி விட்ட தண்ணீர் அது. தடுப்பணையில் விழுகிற இடத்தில் வெள்ளை வெள்ளையாக நுரை கிளம்பிக் காற்றில் பாதைக்கு வரும். அந்தத் தண்ணீரை வைத்துத்தான் கரை நெடுக மாட்டுப் புல் வளர்க்கிறார்கள். கண்ணைக் கட்டி விட்டாலும் சொல்லிவிடலாம், அப்படி ஒரு நாற்றம். கண்ணைத் திறந்தால் அப்படி ஒரு பச்சை. புதிதாக வருகிற யாரும் முதல் நூறு மீட்டரில் மூக்கைப் பொத்துவார்கள். இவன் பொத்தவில்லை.

"நாத்தம் தெரியலையா உங்களுக்கு?" என்றேன்.

"நல்லா தெரியுது சார்."

"மூக்கைப் பொத்தலையே?"

"மேடு பள்ளமா இருக்கு. ஒரு கையில ஓட்டினா விழுந்துருவேன் சார்."

பதில் சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் திருப்தி இல்லை. சரியான பதிலைச் சட்டென்று வைத்திருப்பவனைப் பார்த்தாலே எனக்கு ஆகாது.

அவன் என் பக்கத்தில் வரவில்லை, முன்னாலும் போகவில்லை. இரண்டு சைக்கிள் தள்ளிப் பின்னாலேயே வந்தான். நான் வேகம் கூட்டினால் கூட்டினான், குறைத்தால் குறைத்தான். நின்று, "நீங்க முன்னாடி போங்க தம்பி" என்றேன். "இல்ல சார், நீங்க போங்க. நான் பின்னாலயே வாரேன்" என்றான். மூச்சு வாங்குவதை நான் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறானோ? இந்த வயதிலேயே ஏதாவது இருதயக் கோளாறோ? காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அவன் மூச்சு சீராகத்தான் வந்தது. இரைத்தது என்னுடையது.

பிரதாப சிங்காரம் தாண்டி ஒரு பனைமரத்தடியில் தண்ணீர் குடிக்க நிறுத்தினோம். அங்கேதான் கேள்விகள் ஆரம்பித்தன. காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், ராத்திரி டிவி எத்தனை மணி வரை பார்ப்பீர்கள், வீட்டில் சமையல் யார், வெளியே வாங்கிச் சாப்பிடுவது பிடிக்குமா, சொந்தக்காரர்கள் வந்து தங்குவார்களா. மாமனாராகப் போகிறவனிடம் ஒரு பையன் இதையெல்லாம் கேட்பானா? எங்கள் காலத்தில் மாமனார் கேட்க, மாப்பிள்ளை தரையைப் பார்ப்பான். கடைசியாகக் கேட்டான்: "வீடு சொந்த வீடுன்னு சொன்னாங்க. மாடியும் உண்டோ சார்? கீழ எத்தனை ரூம்?"

சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பார்களே, ஆடிவிட்டது. "ஹவ், சொந்த வீடுதான். மேல ரெண்டு, கீழ ரெண்டு. கைக்கு கேக்கறீங்க?" என்றேன். ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் எதற்கு. கோபம் வந்தால் எனக்குத் தமிழை முந்திக்கொண்டு இந்த ஊர் பாஷைதான் வரும்.

"சும்மாதான் சார்" என்று சொல்லிவிட்டு நாலடி தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு போனில் எதையோ தட்டினான். இரண்டாவது குறி, மூன்றாவது குறி, எல்லாம் அங்கேயே விழுந்தன. ஒரே பெண், சொந்த வீடு, தனி ஆள் கிழவன். அமீர்பேட் ஹாஸ்டலில் ஆறு பேரோடு ஒரு அறையில் கிடந்தவனுக்கு நாகோலில் மாடி வீட்டைக் கண்டால் நாக்கில் எச்சில் ஊறாதா?

சரி, நாமும் ஒரு சோதனை வைப்போம் என்று முடிவு செய்தேன். பிள்ளாய்ப்பள்ளிக்கு முன்னால் கால்வாய்க் கரை இரண்டாகப் பிரிகிறது. வலது கை பாதைதான் சரி. நான் வேண்டுமென்றே இடது பக்கம் திரும்பினேன். அவன் சைக்கிளின் ஹேண்டிலில் போனை மாட்டி வரைபடம் ஓட விட்டிருந்தான், அது எனக்குத் தெரியும். வாயைத் திறக்கிறானா பார்ப்போம். திறக்கவில்லை. இரண்டு கிலோமீட்டர் புல் வயலுக்குள் குதித்துக் குதித்துப் போய், ஒரு எருமைத் தொழுவத்தின் முன்னால் பாதை முடிந்தது. இரண்டு எருமைகளும் ஒரு அம்மாவும் எங்களைப் பார்த்தார்கள்.

"உங்க போன்ல தெரியலையா, இது தப்புன்னு?"

"தெரியும் சார். திரும்புறப்பவே தெரியும்."

"அப்போ ஏன் சொல்லலை?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "தப்புன்னு தெரிஞ்சதும் நீங்க என்ன செய்வீங்கன்னு பாத்தேன் சார். சத்தம் போடுவீங்களோன்னு."

சத்தம் போட்டேன். நன்றாகவே போட்டேன். எருமை கூடத் தலையைத் திருப்பிக்கொண்டது. என்னைப் பார்ப்பதற்கு இவன் யார்? நான் பார்க்க வந்திருக்கிறேன், இவன் என்னைப் பார்க்கிறானாம். திரும்பி வருகிற இரண்டு கிலோமீட்டரும் வேகமாக மிதித்தேன். அவன் அப்போதும் பின்னாலேயே வந்தான்.

போச்சம்பள்ளி சேலைக்குப் பேர் போன ஊர். நூலை முதலில் கட்டுக் கட்டாகக் கட்டிச் சாயத்தில் முக்கி, பிறகு நெய்கிறார்கள். தெருவுக்குள் நுழைந்தாலே வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். டிபன் கடையில் இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும் சாப்பிட்டோம். அவன் ஆறு இட்லி சாப்பிட்டான். பிறகு ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் ஒரு அம்மா நூல் கட்டிக்கொண்டே எடுத்துப் போட்ட சேலைகளைப் பார்த்தோம். எனக்குக் கை சும்மா இருக்காது. ஒரு சேலையை விரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். வைரக் கட்டங்களின் ஓரம் நேராக இல்லை, அங்கங்கே கசிந்து மங்கலாக இருந்தது. "இது செகண்ட்ஸ் சரக்கு" என்றேன் அந்த அம்மாவிடம் தெலுங்கில். அவள் கையிலிருந்த நூலைக் கீழே வைக்காமலே, கையால் கட்டிச் சாயம் போட்டால் ஓரம் அப்படித்தான் கசியும், கோடு கத்தி மாதிரி இருந்தால் அது மெஷினில் அச்சடித்தது, போய் அதை வாங்கிக்கொள் என்றாள். பக்கத்தில் அவன் சிரித்துவிட்டான். சிரித்ததை மறைக்கத் தும்மினான். அதையும் குறித்துக்கொண்டேன்.

அந்த ஊரில் நூற்றொரு கதவு வீடு என்று ஒன்று இருக்கிறது. பழைய ஜமீன் வகையறா வீடு. வருகிறவர்கள் எல்லாரும் ஒரு படம் எடுத்துக்கொண்டு, நூற்றொன்று என்று நம்பிவிட்டுப் போகிறார்கள். நான் எண்ணாமல் நம்புகிற ஆள் இல்லை. விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தேன். ஒரு இடத்தில் உயரமான கல் படி. காலைத் தூக்கியபோது என் முழங்கைக்குக் கீழே ஒரு கை வந்து நின்றது. தொடவில்லை, தொடுவதற்கு ஒரு விரற்கடை தள்ளி.

"படி வழுக்கும், பாத்து சார்."

எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. நான் தடுமாறவே இல்லை. அப்புறம் எதற்கு அந்தக் கை? மழைக்காலத்தில் ஒரு நாள் நான் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன். இடுப்பு ஒரு வாரம் பிடித்திருந்தது. மகள் அப்போது ஆபீஸ் வேலையாக வெளியூரில் இருந்தாள். அவளிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறை நான் குளிக்கப் போகும்போதும் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு 'அப்பா, ஓகேயா' என்பாள். அந்த விஷயம் இவனுக்குத் தெரிய வழியே இல்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? அன்றைக்கு என் மடியில்தான் இருந்தது, ஆனால் நான் அவனைத்தான் சந்தேகப்பட்டேன். கதவு எண்ணிக்கை நாற்பத்து மூன்றா நாற்பத்து நாலா என்று மறந்துபோனது. திரும்பிப் பார்த்தால் அவன் முற்றத்து மூலையில் நின்று போனில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தான். "இன்னும் இல்ல" என்பது மட்டும் காதில் விழுந்தது. "சாயந்தரம் சொல்லுதேன்."

யாரிடம்? எதைச் சாயந்தரம் சொல்லப் போகிறான்? வேறு பெண்ணா? ஊரில் வேறு இடத்தில் பேசி வைத்திருக்கிறார்களா? நெல்லைப் பக்கத்தில் அத்தை பெண்ணோ மாமன் பெண்ணோ இல்லாத பையன் உண்டா? என் மகள் என்ன, இரண்டு கடைக்கு நடுவே விலை கேட்கிற சாமானா? அந்த முற்றத்தில் நின்றபடியே நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். நக்கோ. சாயந்தரம் வீட்டுக்குப் போனதும் மகளை உட்கார வைத்துச் சொல்ல வேண்டியதை வரிசையாக மனதில் அடுக்கிக்கொண்டேன். பொய் சொல்கிறான், வீட்டின் மேல் கண், ரகசியமாகப் பேசுகிறான், பெரியவர்களைச் சோதித்துப் பார்க்கிறான். அழுவாள். அழட்டும், ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. கால்வாய்க் கரையில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது என் சைக்கிளின் செயின் கழன்று, பின் சக்கரத்துக்கும் பல் சக்கரத்துக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. நான் குனிவதற்குள் அவன் இறங்கி வந்து மண்டியிட்டுவிட்டான். செயின் பழையது, எண்ணெயும் மண்ணும் சேர்ந்த பிசுக்கு. ஒரு நிமிடத்தில் அவன் இரண்டு கையும் மணிக்கட்டு வரை கறுப்பாகிவிட்டது. அப்போது அவன் சைக்கிளில் மாட்டியிருந்த போன் அடித்தது. என் மகளின் பேர் தெரிந்தது.

"எடுங்க சார், அவங்கதான். ஸ்டார்ட் பண்ணிட்டோம்னு சொல்லிருங்க" என்றான், தலையைத் தூக்காமலே.

எடுத்துக் காதில் வைத்தேன். நான் ஹலோ சொல்வதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"சாயந்தரம் வரைக்கும் என்னால பொறுக்க முடியலை. முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அப்பா கெட்டவர் இல்லைங்க. யாரைப் பார்த்தாலும் முதல்ல சந்தேகப்படுவார், அதுதான் அவர் வேலை, அதையேதான் பார்த்துப் பார்த்துப் பழகிட்டார். அம்மா இருந்தப்போ, போதும் விடுங்கன்னு சொல்வாங்க, விட்டுடுவார். இப்போ அப்படிச் சொல்ல ஆள் இல்லை. டிவி சத்தமா வைப்பார், அதை நான் பார்த்துக்கறேன். நம்ம கூட ஆறு மாசம் இருந்தார்னா உங்களை அவருக்குப் பிடிச்சிடும், எனக்குத் தெரியும். பாத்ரூம்ல விழுந்ததைக்கூட என்கிட்ட மறைச்சவர். பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. உங்களுக்குத் தனியா இருக்கணும்னு இருந்தா எனக்குப் புரியும். ஆனா அவரை விட்டுட்டு என்னால வர முடியாது. அப்புறம் இந்தக் கல்யாணமே வேண்டாம். கொஞ்சம் பொறுத்துக்கோங்க, ப்ளீஸ்."

என்னிடம் பேசும்போது பத்து வார்த்தையில் எட்டு தெலுங்கும் இங்கிலீஷுமாக வருகிறவள். அவள் அம்மா பேசிய தமிழ் அது, ஒரு சொல் மாறாமல். பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்று, என் பெண்ணைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுவதை நான் எத்தனையோ கல்யாணங்களில் கேட்டிருக்கிறேன். அப்பனைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு பெண் கெஞ்சுவதை அன்றுதான் கேட்டேன். அந்த அப்பன் நான்.

"ஹலோ? இருக்கீங்களா?"

"செயின் கழண்டுபோச்சும்மா" என்றேன். "அவர் கையெல்லாம் கிரீஸ். அப்புறம் பேசுவார்."

பிறகு "அப்பா" என்றாள், அவ்வளவுதான். நான் போனை வைத்துவிட்டேன்.

அவன் செயினை மாட்டி முடித்துப் பெடலைக் கையால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துகொண்டான். "என்ன சார் சொன்னாங்க?"

"உங்க முடிவைக் கேட்டா. என்கூட ஒரே வீட்ல இருக்க முடியுமா முடியாதான்னு."

அவன் கறுப்புக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். காலையிலிருந்து கேட்ட கேள்விகளும், பின்னால் வந்ததும், முழங்கைக்குக் கீழே நீட்டிய கையும் எனக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தன. கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். வெட்கம் அதைவிட அதிகமாக வந்தது. நான் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டேன், அவன் இன்னும் எழுதவில்லை.

"என்ன சொல்லப் போறீங்க?" என்றேன். முப்பத்தோரு வருடம் என் மேஜைக்கு எதிரே நின்றவர்கள் கேட்ட குரல் எனக்கே வந்தது.

"கஷ்டம்தான் சார்" என்றான். "நான் பொய் சொல்ல மாட்டேன். காலையிலேர்ந்து நீங்க என்னைத் திருடனைப் பாக்கிற மாதிரியே பாத்துக்கிட்டு வாரீங்க. ஒரு நாள்னா பரவால்ல. தினமும் ஆபீஸ் விட்டு வந்தா வீட்லயும் ஒருத்தர் இப்படிப் பாத்தா எப்படி சார்? அதான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்."

அவன் சொன்னதில் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. கரைக்குக் கீழே இரண்டு பெண்கள் புல்லை அறுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டே, மகளிடம் மட்டுமல்ல, எனக்கு நானே கூடச் சொல்லிக்கொள்ளாத ஒன்றைச் சொன்னேன்.

"நான் விழுந்தது ஒரு தடவை இல்லை தம்பி. ரெண்டு தடவை. ரெண்டாவது அவளுக்குத் தெரியாது, ஆன்ட்டிக்கும் தெரியாது. போன மாசம் மாடிப்படியில. கால் மணி நேரம் எழுந்திருக்க முடியலை."

அவன் ஐயோ என்று சொல்லவில்லை. டாக்டரைப் பார்த்தீர்களா என்றும் கேட்கவில்லை.

"எந்தப் படியில சார்?"

"மேலேர்ந்து மூணாவது. திரும்பற இடத்துல."

"நீங்க படுக்கிறது மேலயா?"

"ஹவ். மேலதான். கீழ ஒரு ரூம்ல அவ படுக்கறா, இன்னொண்ணுல அவ அம்மா சாமானெல்லாம் போட்டு வச்சிருக்கு."

அவன் குனிந்து ஒரு பிடி புல்லைப் பறித்துக் கையைத் துடைத்தான். பிசுக்கு போகவில்லை, இன்னும் கொஞ்சம் பரவியதுதான் மிச்சம். விரல்களுக்கு நடுவே ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"அந்தச் சாமானை நம்ம ரெண்டு பேருமா ஒரு நாள் ஒதுக்கிருவோம் சார். நீங்க கீழ வந்துருங்க. மேல நாங்க இருந்துக்கிடுதோம்."

அவசரமாக என் சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

"மேல் ரூம் மேற்குப் பார்த்தது" என்றேன். "ஏப்ரல், மே ரெண்டு மாசம் உள்ளே உக்கார முடியாது, அப்படிக் கொதிக்கும். இப்பவே சொல்லிட்டேன். மறைச்சு வச்சுட்டேன்னு அப்புறம் சொல்லக் கூடாது."